‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த பிறகு

கேள்வி: கடந்த மூன்று மாதங்களில் இரண்டு முறை, வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே என் காரின் இன்ஜின் நின்றுவிட்டது. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிட்டது. சர்வீஸ் மையத்தில் இரண்டு முறையும் கணினியை இணைத்துப் பார்த்துவிட்டு, ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். விபத்து நடக்காத நிலையில் இதைப் புகாராக எழுதுவது சரியா? எழுதினால் யாருக்கு எழுத வேண்டும்?

பதில்: அவசியம் எழுதுங்கள், இந்த வாரமே எழுதுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வாளர்களின் வேலை; நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் உரிமையாளரின் பங்கு. சர்வீஸ் மையத்தில் நிற்கும் வண்டியில் கோளாறு தென்படாமல் போவது புதிதல்ல, ஏனென்றால் சில கோளாறுகள் குறிப்பிட்ட வேகத்திலோ, வெப்பத்திலோ, குலுக்கலிலோ மட்டுமே தலைகாட்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2014-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சாவி போடும் இக்னிஷன் சுவிட்சில் இருந்த குறைக்காகச் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் சாவியைப் பிடித்து நிறுத்தும் சின்னஞ்சிறு ஸ்பிரிங்கின் விசை போதவில்லை. சாவிக்கொத்து கனமாகத் தொங்கினாலோ, ஓட்டுநரின் முழங்கால் பட்டாலோ, சாவி தானாக ஒரு படி பின்னால் திரும்பிவிடும். இன்ஜின் நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், மின்சாரம் துண்டிக்கப்பட்டதால், மோதினால்கூட ஏர்பேக் விரியாது. இதனால் 124 பேர் இறந்ததாக அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே ஏற்றுக்கொண்டது. இன்ஜின் நின்றுபோகிறது என்று உரிமையாளர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே சொல்லிவந்தார்கள் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. அது பாதுகாப்புக் குறையாகப் பார்க்கப்படாமல், ‘ஓட்டுபவருக்கு ஒரு தொந்தரவு’ என்ற அளவிலேயே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுவிட்டது. உங்கள் காரிலும் இதே கோளாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பதற்காக இதைச் சிறிய விஷயமாக எண்ணிவிடாதீர்கள்.

புகாரின் வலிமை, அதில் உள்ள விவரங்களில்தான் இருக்கிறது. ‘வண்டி அடிக்கடி நிற்கிறது’ என்று எழுதினால் யாராலும் எதையும் தேட முடியாது. நாள், நேரம், அப்போது ஓடிய வேகம், வண்டி அதுவரை ஓடியிருந்த கிலோமீட்டர், மேடா சமதளமா, மழையா வெயிலா, நிற்பதற்கு முன் டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, ஸ்டீயரிங் இறுகியதா, எத்தனை நொடியில் மறுபடி ஓடத் தொடங்கியது என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பதினேழு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சேசிஸ் எண்ணைத் தவறாமல் சேருங்கள். எந்த ஆலையில், எந்தத் தொகுப்பில் தயாரான வண்டிகளுக்கு ஒரே குறை வருகிறது என்பதை அதை வைத்துத்தான் பிரித்தறிவார்கள். ‘கோளாறு இல்லை’ என்ற இரண்டு ஜாப் கார்டுகளும் உங்களுக்கு எதிரான சான்றுகள் அல்ல, ஒரே குறைக்காக நீங்கள் இரண்டு முறை சென்றதற்கான பதிவுகள். ஆகவே அவற்றின் நகலையும் இணையுங்கள். கழற்றி மாற்றிய பாகம் ஏதேனும் இருந்தால் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு என்றால், தயாரிப்பாளருக்கும் அரசுக்கும் தனித்தனியே எழுதுங்கள். விற்பனையாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது மேலே போய்ச் சேரும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும், ஜெர்மனியில் கூட்டாட்சி மோட்டார் போக்குவரத்து ஆணையமும், பிரிட்டனில் ஓட்டுநர் மற்றும் வாகனத் தர முகமையும் இத்தகைய புகார்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கின்றன. ஒரே மாதிரி வண்டியைப் பற்றி ஒரே விதமான புகார்கள் சேரும்போதுதான் அது விசாரணைக்குரிய பொருளாகிறது. உங்களைப் போலவே ‘நமக்கு மட்டும்தான்’ என்று நினைத்து எழுதாமல் இருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ!

அதுவரை ஒன்றை மனத்தில் வையுங்கள். ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக் முற்றிலும் போய்விடாது; ஓரிரு மிதிக்குத் தேவையான உதவி விசை அதில் மிச்சம் இருக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் அதுவும் தீர்ந்துபோகும். ஆகவே ஒரே சீராக, அழுத்தமாக மிதித்து நிறுத்துங்கள். ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். வண்டி முழுமையாக நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள். உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: பிரேக் பேட் சீக்கிரம் தேய்கிறது, ஏசியும் சரியாகக் குளிர்வதில்லை. இவையும் பாதுகாப்புக் குறைகள்தானா?

பதில்: பொதுவாக இல்லை. ஒரே வடிவமைப்பிலோ ஒரே தயாரிப்பிலோ வந்த பல வண்டிகளில் காணப்படுவதும், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தாகக்கூடியதும்தான் பாதுகாப்புக் குறை. பேட், பேட்டரி, வைப்பர் ரப்பர் போன்றவை தேய்ந்து மாற்றப்பட வேண்டிய பொருள்கள். ஏசி, பெயின்ட் பற்றிய குறைகளை வாரன்டி வழியாகக் கேட்க வேண்டும். ஆனால் பேட் புதிதாக இருந்தும் பிரேக் மிதி தரைவரை இறங்கினால், அதைத் தேய்மானக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: பத்து ஆண்டு பழைய கார் ஒன்றை வாங்கினேன். தயாரிப்பாளரிடமிருந்து இதுவரை எந்தக் கடிதமும் வரவில்லை. அப்படியானால் திரும்பப்பெறல் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதம், பதிவில் உள்ள பெயருக்கும் முகவரிக்கும்தான் போகும். அது முந்தைய உரிமையாளரின் வீட்டு மேசையிலேயே கிடக்கலாம். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ, கதவுத் தூணில் ஒட்டிய தாளிலோ, பதிவுச் சான்றிலோ உள்ள சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்திலோ அரசுத் தளத்திலோ நீங்களே இட்டுப் பாருங்கள். ஒன்று, சுழியம் ஆகிய இலக்கங்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அந்த எண்ணில் இடம்பெறுவதில்லை. வட்டமாகத் தெரிவதைச் சுழியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே உங்கள் முகவரியையும் தயாரிப்பாளரிடம் பதிந்துவிடுங்கள். புதிய அறிவிப்புகள் எப்போதும் வரக்கூடும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்ப்பது நல்லது.

பழைய கார் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில், பையை ஊதிவிடும் வெடிமருந்தாக அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பல ஆண்டுகள் தாக்கியதில் அந்த மருந்து சிதைந்து, விரிய வேண்டிய நேரத்தில் அளவுக்கு மீறி வெடித்து, அதன் உலோகக் கூட்டையே சில்லுகளாக்கி ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சியது. அமெரிக்காவில் மட்டும் இப்படி மருந்தும் கூடும் சேர்ந்த ‘ஊதி’ என்ற பாகங்கள் சுமார் 6 கோடியே 70 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. புதிதாக இருந்தபோது ஒழுங்காக இருந்த பாகம், வயதாக ஆக ஆபத்தானதாக மாறிய வகை இது. வெளியிலிருந்து பார்த்து எந்த மெக்கானிக்காலும் இதைச் சொல்ல முடியாது, சேசிஸ் எண்தான் சொல்லும். திரும்பப்பெறல் நிலுவையில் இருந்தால், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பழுது நீக்கம் இலவசமே. அதற்கான கால வரம்பு மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள். ‘ஓட்ட வேண்டாம்’ என்று அறிவிப்பில் இருந்தால் பாகம் மாற்றும்வரை ஓட்டவே ஓட்டாதீர்கள், பக்கத்துத் தெருவுக்குக்கூட.

கேள்வி: உரிமையாளர் கையேட்டில் நானூறு பக்கங்கள் இருக்கின்றன. குறைந்தபட்சம் எதைப் படிக்க வேண்டும்?

பதில்: எச்சரிக்கை விளக்குகள், இருக்கைப் பட்டையும் குழந்தை இருக்கையும், டயர் ஆகிய மூன்று பகுதிகளை முதலில் படியுங்கள். சிவப்பு விளக்கு என்றால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துவது. மஞ்சள் என்றால் விரைவில் காட்டிப் பார்ப்பது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு என்பது எல்லாருக்கும் தெரியும். எரியவே இல்லை என்றாலும் கோளாறுதான், அல்லது யாரோ அந்த விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம். நீங்கள் நிரப்ப வேண்டிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் இருக்கிறது. அதைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் அளந்து பாருங்கள். அதே பக்கச் சுவரில் 2319 என்பது போன்ற நான்கு இலக்கங்கள் இருந்தால், அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். உதிரி டயரிலும் அதைப் படித்துப் பாருங்கள்.