சனிக்கிழமை பிறந்தநாளுக்கு வியாழக்கிழமையே கப்கேக் சுடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெக்கையில் முன்கூட்டியே சுட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுடலாம், ஃபிரிட்ஜ் மட்டும் வேண்டாம். அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி கேக் சீக்கிரம் வறண்டுவிடும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வெளியே வைத்தால் 2 நாள் தாங்கும். சூடாக மூடினால் உள்ளே வேர்த்து, மேல்பக்கம் பிசுபிசுத்துப்போகும்.

ஆனால் டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் நான் வெளியே வைக்கமாட்டேன். ஐசிங் போடாமல், ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பதே மேல். 2 மாதம்கூட ருசி கெடாது. வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், ஈரம் தாளின்மேல் படியட்டும். அப்புறம், லோட் ஷெடிங்கில் (மின்வெட்டு) கரண்ட் போனால் ஃப்ரீசரைத் திறக்கவே வேண்டாம்.

கிரீம் சீஸ் ஐசிங் போட்டது என்றால் ஃபிரிட்ஜ்தான், வேறு வழியில்லை. பரிமாற அரை மணி நேரம் முன்பு எடுத்து வையுங்கள்.