சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ஏன் நெதர்லாந்தின் ஹேக் நகருக்குள்ளேயே வேறு கட்டடத்துக்கு மாறியது?

2002இல் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடமே இல்லை, ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய அலுவலகத்தில்தான் பல வருடம் இயங்கியது. 2015 டிசம்பரில், மணல்மேடுகளை ஒட்டி முன்பு இராணுவ முகாம் இருந்த காணியில் கட்டிய நிரந்தர இடத்துக்கு வந்தது. நீதிமன்றத்துக்கென்றே திட்டமிட்டுக் கட்டினால்தான் சாட்சிகளும் பார்க்க வரும் சனமும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் வேறு வேறு வழிகளால் போய்வர முடியும், பயந்து பயந்து சாட்சி சொல்ல வருபவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம், இங்கே யாழ்ப்பாணத்தில் பலர் ஹேக்கிலேயே இருக்கும், கோபுரம் வைத்த சமாதான மாளிகை என்ற கட்டடத்தின் படத்தைப் போட்டு இதுதான் குற்றவியல் நீதிமன்றம் என்கிறார்கள். இல்லை, அங்கே இருப்பது நாடுகளுக்கிடையிலான வழக்கைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றம். குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதரை விசாரிப்பது, அதை உருவாக்கிய ரோம் சாசனம் என்ற ஒப்பந்தத்தில் இலங்கை சேரவில்லை.