ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிக்கு டாக்குமெண்டேஷன் அவசியமா, கோட் மட்டும் போதாதா?

செயலி செய்ய உதவும் ஃப்ளட்டரில் ஒரு யூஐ லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் செயலியின் திரைக்கு எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) எழுதி, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டிருக்கிறீர்கள், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் டாக்குமெண்டேஷன் எழுதக் கை வரவில்லை, அது இல்லாமலே வெளியிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியிடாதீர்கள். எழுதிவிட்டு வெளியிடுங்கள்.

நீங்களும் என்னைப் போல ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இதற்கு உட்காருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் புதிதாக ஒரு விட்ஜெட் (பட்டன், பெட்டி மாதிரி ஒரு திரை உறுப்பு) செய்யத்தான் மனசு போகும். நான் ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டினேன். 14 விட்ஜெட், அறிமுகக் கோப்பான ரீட்மீயில் நான்கே வரி.

எனக்குப் பெருங்குடியில் வேலை. என் லைப்ரரி தமிழ்ச் செயலிகளுக்கான படிவ விட்ஜெட்டுகள். 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பட்டனை விட்டு வழியக் கூடாது, எழுத்துகளின் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் வெட்டுப்படக் கூடாது. இதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதனால் கோட் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு முழுமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக் கமெண்ட், அதாவது கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கக் குறிப்பு, எழுத ஆரம்பித்தேன். பெயர்ப் பெட்டியின் நீள வரம்பான மேக்ஸ்லெங்த்துக்கு "அதிகபட்சம் எத்தனை எழுத்து" என்று ஒரு வரி. கூட வேலை பார்க்கும் ஜூனியர் பெண்ணிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். மறுநாள் மதியம் போனை நீட்டினாள். "அண்ணா, எழுத்துன்னு போட்டிருக்கீங்க. 12 வெச்சு எங்க தாத்தா பேரை அடிச்சேன், முழுசா வரலையே."

மீனாட்சிசுந்தரம். எண்ணிப் பாருங்கள், ஒன்பதே எழுத்து. பெட்டியில் 'மீனாட்சிசுந்' என்று நின்றிருந்தது. நான் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டின் லெங்த்தை அப்படியே எடுத்து எண்ணியிருந்தேன். கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'மீ' என்பது ம ஒன்று, அதன் குறி ஒன்று. புள்ளியும் தனிக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் பெயர் 16. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே 5 ஆகிவிடும். தமிழுக்கென்று செய்த லைப்ரரியில் இதை வைத்திருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

கோடைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எழுதியிருந்தால் போதுமே என்று யாராவது வருவார்கள். எழுதியிருந்தேன். எல்லாம் ஆங்கிலப் பெயர்கள், எல்லாம் பச்சை, அதாவது பாஸ். 'எழுத்து' என்று தமிழில் ஒரு வரி எழுதிய பிறகுதான் நான் என்ன வாக்குக் கொடுக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அப்புறம் குறியையும் புள்ளியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ணும் கேரக்டர்ஸ் பேக்கேஜை வைத்து மாற்றினேன். பழைய எண்ணிக்கையை நம்பி யாராவது டேட்டாபேஸ் அளவு வைத்திருக்கலாம் என்பதால் 2.0.0 என்று மேஜர் பதிப்பாக (பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் என்று அர்த்தம்) ஏற்றி, மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்ச்லாகில் காரணத்தையும் எழுதினேன். 'ஸ்ரீ' இப்போதும் ஸ், ரீ என்று இரண்டாகத்தான் எண்ணப்படும். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஃப்ளட்டர் லைப்ரரிகளை வெளியிடும் பப்.டெவ் தளத்தில், பொது ஏபிஐயில் (மற்றவர்கள் பயன்படுத்தத் திறந்துவிட்ட பகுதியில்) 20 சதவீதத்துக்கு டாக் கமெண்ட் இருந்தாலே அதற்கான புள்ளி கிடைத்துவிடும். அதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் அப்படியே ஒட்டி ஓட்டிப் பார்க்கக்கூடிய ஓர் உதாரணமும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வையுங்கள். உதாரணத்தில் தமிழ்ப் பெயர் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். டாக்குமெண்டேஷன் நன்றாக வந்ததும் இன்ஜினியரிங் மாணவர்களிடமிருந்து "சார், ரிப்போர்ட்டோட முழு ப்ராஜெக்ட் அனுப்புங்க" என்று மெயில் வர ஆரம்பித்தது. மாணவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இங்கே ஒரு ப்ராஜெக்ட் சென்டர் என் உதாரணச் செயலியை எடுத்து, லைசென்ஸ் கோப்பை நீக்கிவிட்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று விற்றிருக்கிறது. நான் கொடுத்திருக்கும் எம்ஐடி என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் விற்கலாம், மாற்றலாம், எல்லாம் செய்யலாம். பதிப்புரிமை வரியையும் லைசென்ஸையும் கூடவே வைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறது. அதைக்கூடச் செய்யவில்லை. வாங்கிய பையனுக்கு அது யார் எழுதியது என்றே தெரியாது, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பான்?

அதற்காக எழுதுவதை நான் நிறுத்தவில்லை. 14 விட்ஜெட்டில் 11க்கு முடிந்துவிட்டது. தேதி தேர்வுப் பெட்டியை இந்த வாரம் எடுத்திருக்கிறேன்.