வெந்நீர் ஊற்றுக்கு ஆர்வியில் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

குளிர்கால விடுமுறைக்கு ஆர்வி (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போக நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

25 அடி ஆர்வி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். இரண்டு பிள்ளைகளும் வயதான மாமியாரும் கூட வருகிறார்கள். முதல் பயணத்துக்கு எந்த ஊற்று சரிப்படும்?
– வாசகி, ஆஸ்டின்

ஊற்றின் படத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். வண்டி நிற்கும் இடத்துக்கும் ஊற்றுக்கும் நடுவே என்ன பாதை இருக்கிறது என்று பாருங்கள். முதல் பயணம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

உங்களுக்குப் பக்கம் என்று பிக் பெண்ட் தேசியப் பூங்காவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் பழைய குளியல் வீட்டின் அடித்தளம் மட்டும் தொட்டியாக மிஞ்சியிருக்கிறது. நீர் சுமார் 105 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 40 டிகிரி செல்சியஸ். அருமையான இடம்தான். ஆனால் அங்கே இறங்கும் மண் சாலை குறுகலானது. ஆர்வி போகக் கூடாது. பூங்காவின் ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்திலுள்ள டேனியல்ஸ் ரான்ச் பகுதியிலிருந்து நடந்தால் போக 3 மைல், வர 3 மைல். மாமியாரால் முடியாது. கூடவே ஒரு கார் வந்தால் பிரச்சினை தீர்ந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறினால் தொட்டியே முழுகிவிடும் என்பதால், கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்கா. அங்குள்ள கல்ஃபா கோர்ஜ் முகாமில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்பு உண்டு. ஷவர் கிடையாது, வண்டியிலேயே குளிக்க வேண்டும். திறந்தவெளி ஊற்றில் இறங்கி உட்காரலாம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நீர் 143 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வருகிறது. ஆறவைத்த நீரில் குளிக்க பக்ஸ்டாஃப், குவாபா போன்ற குளியல் நிலையங்களுக்குத்தான் போக வேண்டும்.

வயோமிங்கின் தெர்மோபொலிஸ் ஊரிலுள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ் மாநிலப் பூங்காவும் நல்ல தேர்வு. 1896 உடன்படிக்கைக்குப் பிறகு ஷோஷோனி, அராபஹோ மக்களிடமிருந்து வந்த நிலம் அது. அங்குள்ள அரசுக் குளியல் நிலையத்தில் கட்டணம் இல்லை. ஆளுக்கு 20 நிமிடம். பூங்காவுக்குள் இரவு தங்க முடியாது; ஊரில் தனியார் ஆர்வி முகாம்கள் இருக்கின்றன.

மண் சாலையில் பல மைல் போக வேண்டிய ஊற்றுகளை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலைக்கு அனுமதியே இருக்காது. அங்கே டயர் கிழிந்தாலும் அச்சு உடைந்தாலும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஊற்று நீர் இலவசமாகக் கொட்டுகிறதே, அதையே வண்டியின் நல்ல தண்ணீர் டேங்கில் பிடித்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

வேண்டாம். ஊற்று நீர் உடம்புக்குச் சுகமாக இருக்கலாம், வண்டிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் சிலிக்காவும் வண்டியின் வெந்நீர் ஹீட்டருக்குள் உப்புப் படிவமாக இறுகிவிடும். குழாய் முனைகளில் இருக்கும் சின்ன வலை அடைத்துக்கொள்ளும். சில ஊற்றுகளில் ஆர்செனிக், ஃபுளோரைடு அளவு குடிநீர் வரம்பைத் தாண்டியிருக்கும். கொதிக்கவைத்தால் அவை போகாது, இன்னும் செறிவாகும்.

விதிவிலக்கு என்றால் மேலே சொன்ன ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரம். அங்கே பொதுமக்கள் குடிக்கப் பிடித்துப் போக ஊற்று நீர்க் குழாய்களே வைத்திருக்கிறார்கள். அதையும் கேனில் பிடித்து ஆறவைத்துக் குடிக்கலாம். அந்தச் சூட்டோடு ஆர்வி டேங்கில் ஊற்றாதீர்கள்.

நல்ல தண்ணீரைக் கிளம்பும் ஊரிலேயே நிரப்பினால் சுமையையும் கணக்கில் வையுங்கள். ஒரு கேலன் 3.8 கிலோ. 40 கேலன் டேங்க் நிறைந்தால் 150 கிலோ ஏறிவிடும். மலைப்பாதை நீளமாக இருந்தால் பாதி நிரப்பிக்கொண்டு, ஊற்றுக்கு முன்னால் உள்ள கடைசி ஊரில் மீதியை நிரப்புங்கள். முகாம் குழாயில் நேரடியாக இணைக்கும்போது பிரஷர் ரெகுலேட்டர் (நீர் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) இல்லாமல் இணைக்கவே கூடாது. அழுத்தம் 40 முதல் 60 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் உள்ளே இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும்.

முகாமில் போய் நிறுத்திய இரண்டாம் நாளிலிருந்து வண்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம். ஊற்றிலிருந்து வருகிறது என்று கணவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, டென்வர்

உடனே நம்பிவிடாதீர்கள். ஊற்றுப் பக்கம் எல்லோரும் இந்த நாற்றத்தை ஊற்றின் கணக்கில் எழுதிவிடுவதால்தான் ஆபத்து. கந்தக நாற்றத்துக்கு வண்டிக்குள்ளேயே நான்கு காரணங்கள் இருக்கின்றன. ஆபத்து அதிகமானதிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

முதலில் எரிவாயு. புரொப்பேனுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்றே கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலக்கிறார்கள். அதனால் மூக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அடுப்பை அணைத்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல், எல்லோரும் வெளியே வந்து சிலிண்டர் வால்வை மூடுங்கள். கதவுகள் திறந்தபடி இருக்கட்டும். நாற்றம் முழுவதும் போன பிறகு வால்வைத் திறந்து, வெளியே இருக்கும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. வால்வை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். குமிழ் வராவிட்டாலும், வால்வைத் திறந்ததும் நாற்றம் திரும்பினால் அதே முடிவுதான்.

இரண்டாவது பேட்டரி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பழைய லெட்-ஆசிட் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியாகும். தரையோரம் இருக்கும் எரிவாயு அலாரம் அதற்கும் கத்தும். கசிவே இல்லாமல் நள்ளிரவில் அலாரம் அடிக்கும் வண்டிகள் பலவற்றின் கதை இதுதான். பேட்டரிப் பெட்டி சூடாகவோ, பக்கவாட்டில் உப்பியோ இருந்தால் முகாமின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளைக் கழற்றாதீர்கள். பொறி பறந்தால் அங்கே தேங்கியிருக்கும் ஹைட்ரஜன் வெடிக்கும். ஆறிய பின் பேட்டரியை மாற்றுவதுதான் தீர்வு. அதோடு சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் நாறுகிறதா? அப்படியென்றால் ஹீட்டர். சபர்பன் என்ற நிறுவனத்தின் வகை ஹீட்டரின் இரும்புத் தொட்டியைத் துரு பிடிக்காமல் காக்க உள்ளே மெக்னீசிய ஆனோட் கம்பி இருக்கும். தண்ணீரில் சல்ஃபேட்டும், அதைத் தின்னும் பாக்டீரியாவும் இருந்தால் அந்தக் கம்பியின் துணையோடு நாற்ற வாயு உண்டாகும். ஹீட்டரை அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். தண்ணீர் வரத்தை நிறுத்தி, மேலே உள்ள பிரஷர் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கம்பியைக் கழற்ற வேண்டும். 1 1/16 அங்குல சாக்கெட் தேவைப்படும். அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் கொதிநீர் முகத்தில் பாயும். கம்பி முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடுங்கள்.

பிறகு நல்ல தண்ணீர் டேங்கில் 15 கேலனுக்கு கால் கப் என்ற கணக்கில் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு, 4 மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும்வரை நல்ல நீரால் அலசுங்கள். ஹீட்டருக்குள் தண்ணீர் நிரம்பிவிட்டது என்று வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்த பிறகே மின்சார ஸ்விட்சைப் போடுங்கள். வெறும் தொட்டியில் போட்டால் ஹீட்டர் காயில் நொடியில் எரிந்துபோகும்.

நான்காவது ரொம்பச் சின்ன விஷயம். ஷவர், சிங்க் அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் கழிவுநீர்த் தொட்டியின் வாடை மேலே ஏறும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நான்கும் இல்லை என்றால் உங்கள் கணவர் சொன்னது சரி.

எவ்வளவு நேரம் ஊற்றில் உட்காரலாம்? பிள்ளைகளை இறக்கலாமா?
– வாசகர், சான் ஹோசே

மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். ஒரே குளத்தில் ஊற்றுக்கண் பக்கம் ஒரு சூடு, வடியும் பக்கம் ஒரு சூடு இருக்கும். அலாஸ்கா நெடுஞ்சாலையில், கனடாவின் லியார்ட் ரிவர் ஊற்றில் இந்த வித்தியாசம் 42 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. 52 டிகிரியில் சில நிமிடங்களிலேயே தோல் வெந்துவிடும்.

பெரியவர்களுக்கு 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். ஒரு முறைக்கு 15 நிமிடம். எழும்போது மெதுவாக எழுந்து, விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வெளியே வாருங்கள். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு உடல் சீக்கிரம் சூடேறும். வெதுவெதுப்பான ஓரத்தில் 5 நிமிடம் போதும். கைக்குழந்தைகள் வேண்டாம்.

யாராக இருந்தாலும் தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவ்லரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். நோய் வருவது மிக அரிது; வந்தால் பிழைப்பதும் அரிது. குளோரின் கலக்காத ஊற்றுகளில் மூக்குக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வதே தடுப்பு.

யெல்லோஸ்டோன் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள சுடுநீர்க் குளங்களில் இறங்குவது சட்டவிரோதம். 2016ல் நாரிஸ் பகுதியில் மரப்பாதையை விட்டு இறங்கிய ஒருவர் சுடுநீரில் விழுந்து இறந்தார். பழைய பயணக் குறிப்புகளில் வரும் பாய்லிங் ரிவர், 2022 வெள்ளத்துக்குப் பிறகு குளிக்கத் திறக்கப்படவில்லை.

மின் இணைப்பு இல்லாத முகாமில் குளிர்கால இரவுகளை எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், சால்ட் லேக் சிட்டி

எரிவாயு எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். முதலில் கைவிடுவது பேட்டரிதான். ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் ஹீட்டர்) எரிவது புரொப்பேனில், அதன் விசிறி சுற்றுவது பேட்டரியில். 20 பவுண்ட் சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. மணிக்கு 30,000 பிடியு எரிக்கும் ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் 14 மணி நேரம் வரும். உறைநிலையை ஒட்டிய இரவில் விட்டு விட்டு மொத்தம் 5 மணி நேரம் எரிகிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட மூன்று இரவுக்குத் தாங்கும். ஆனால் விசிறி 7, 8 ஆம்பியர் இழுக்கும். 5 மணி நேரத்தில் 40 ஆம்பியர்-ஹவர் போய்விட்டது. 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்பதால், விடியும்போது பேட்டரி ஏறக்குறைய காலி. ஃபர்னஸை 15 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு கனமான போர்வை போர்த்திக்கொள்வதும், பகலில் முகாமின் அமைதி நேரம் (சத்தம் கூடாத நேரம்) முடிந்ததும் ஜெனரேட்டர் ஓட்டுவதும்தான் வழி.

உறைபனி எதிர்பார்த்தால் வெளிக்குழாயைக் கழற்றி வடித்துவிட்டு டேங்க் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சிங்க் அடி அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் சூடு உள்ளே போய்க் குழாய்கள் உறையாது. சமையல் அடுப்பை மூட்டி வண்டியைச் சூடாக்குவது கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் அழைப்பதற்குச் சமம். ஈரத் துண்டுகளையும் உள்ளே காயப்போடாதீர்கள். கூரை வெண்டிலேட்டரை ஒரு அங்குலம் திறந்து வையுங்கள். இல்லையென்றால் காலையில் ஜன்னலிலிருந்து மெத்தை வரைக்கும் நனைந்திருக்கும்.

ஊற்றிலேயே சோப்பு போட்டுக் குளித்தால் வண்டியின் கழிவுநீர்த் தொட்டி மிச்சமாகுமே?
– வாசகர், லாஸ் ஏஞ்சல்ஸ்

மக்கும் சோப்பானாலும் கூடாது. கழுவுவதெல்லாம் நீரிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளித்தான். தண்ணீர் செலவைக் குறைக்க வேண்டுமானால் உடம்பை நனைத்ததும் ஷவரை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள். ஆளுக்கு 2 கேலனில் முடியும்.

உங்களுக்குப் பக்கத்தில் ஹோல்ட்வில் அருகே பிஎல்எம் (மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை) நிலத்தில் உள்ள ஹாட் ஸ்பிரிங் நீண்டகால முகாமுக்குச் சீசன் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அனுமதிச் சீட்டு வேண்டும். வண்டியில் குறைந்தது 10 கேலன் நிரந்தரக் கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும். தரையில் கொட்டக் கூடாது. நிரம்பினால் டம்ப் ஸ்டேஷனுக்கு (கழிவுநீரை வடிக்கும் இடம்) போய், கழிப்பறைத் தொட்டியை முதலிலும் சோப்புத் தண்ணீர்த் தொட்டியை அடுத்ததாகவும் திறந்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டே போகும்.

குளித்து வந்ததும் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போனது. கெட்டுவிட்டதா?
– வாசகி, போர்ட்லாண்ட்

கெடவில்லை. நீரிலுள்ள கந்தகம் வெள்ளியின் மேல் சில்வர் சல்ஃபைடாகப் படிந்திருக்கிறது. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் பழைய நிறம் வந்துவிடும். கல் பதித்ததை இப்படிச் செய்யாதீர்கள்.