இலையுதிர்காலம் உங்கள் பின்வளவிலேயே தொடங்கிவிடும்

கேள்வி: அண்ணா, வணக்கம். போன ஒக்ரோபரில், இங்கே கனடாவில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த பிறகு, ரொறன்ரோவுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கிற அல்கொன்குவின் பூங்காவுக்குக் குடும்பமாகப் போனோம். எங்கள் நேரம், மேப்பிள் இலையெல்லாம் கொட்டி முடிந்திருந்தது. அதற்கு முந்தின வருடம் எடுத்த படங்கள் கலண்டர் படம் மாதிரியே இருக்கின்றன, நிறமும் கண்ணால் பார்த்தது போல வரவில்லை. என்னிடம் இருப்பது ஒரு கேனன் கமராவும் அதோடு வந்த 18-55 லென்சும். "போனே காணும், அதை வித்துப்போடு" என்கிறார் கணவர். இந்த முறை எப்போது, எங்கே போக வேண்டும்? புது லென்ஸ் வாங்கவா? தெருவில் போகிற ஆட்களைப் படம் எடுக்கலாமா?
– ஸ்காபரோ (ரொறன்ரோ) வாசகி

பதில்: முதலில், கமராவை விற்க வேண்டாம். நான் சொன்னதாகவே கணவரிடம் சொல்லுங்கள்.

அல்கொன்குவினில் சுகர் மேப்பிள் சிவப்பது செப்டெம்பர் கடைசியிலும் ஒக்ரோபர் முதல் வாரத்திலும்தான். தாங்க்ஸ்கிவிங் நீண்ட விடுமுறை நமக்கு வசதி, மரத்துக்கு அது தெரியாது. பிந்திப் போனாலும் முழு நட்டம் இல்லை. பொப்லர்கள் மஞ்சளாக நிற்கும், ஒக்ரோபர் நடுவுக்குப் பிறகு சதுப்பு நிலங்களில் டாமராக் மரம் ஊசியிலையெல்லாம் பொன்னிறமாகி உதிர்க்கும். போவதென்றால் வாகன அனுமதியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வார இறுதிகளில் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் படங்கள் கலண்டர் மாதிரி வருவதற்குக் காரணம் லென்சும் இல்லை, திகதியும் இல்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், நடுப்பகல் வெளிச்சத்தில், எல்லோரும் நிற்கிற அதே காட்சிமுனையில் நின்று எடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கிற படம்தான் கிடைக்கும். இலையுதிர்காலம் வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். அதில் பெரும்பகுதி ஸ்காபரோவில், நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலேயே நடக்கிறது. நியூயோர்க்கில் ஸோல் லைட்டர் என்றொரு படக்காரர் இருந்தார், 2013-இல் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தன் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களைத்தான் அதிகம் எடுத்தார். ஆவி படிந்த கடைக் கண்ணாடி, குடை, மழை, பனி, இவ்வளவுதான் அவருடைய பொருள். ரொறன்ரோவின் ரீ.ரீ.சி. பஸ் கண்ணாடியிலும் ஒக்ரோபரில் அதே ஆவி படியும்.

செப்டெம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பியுங்கள். ஸ்காபரோவில் ஹைட்ரோ (மின்சார) கம்பிகளுக்குக் கீழே ஓடுகிற மெடோவே பாதையில் மஞ்சள் கோல்டன்ரொட் பூவும் ஊதா ஆஸ்டரும் ஒன்றாகப் பூத்திருக்கும். மெக்சிகோவுக்குப் புறப்பட்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில் தேன் குடிக்க இறங்கும். குளிர்ந்த காலையில் சிறகு சூடேறும்வரை அவற்றால் சரியாகப் பறக்க முடியாது, அதனால் வெயில் ஏற முன் போனால் கிட்டப் போய் எடுக்கலாம். ஒன்ராறியோ ஏரிக்கரையை ஒட்டிய ரொசெட்டா மக்கிளெய்ன் பூங்காவும் இதற்குப் பேர்போனது. செப்டெம்பர் கடைசியில் நெடுஞ்சாலைக் கரையில் சுமாக் புதர் சிவக்கும், வேலிகளில் வேர்ஜீனியா கொடி சிவக்கும். உங்கள் தெருவில் நிற்கிற நோர்வே மேப்பிளோ ஒக்ரோபர் முழுக்கப் பச்சையாக நின்றுவிட்டு நவம்பரில்தான் மஞ்சளாகும். கிங்கோ மரம் ஏதாவது இருந்தால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள். நல்ல உறைபனி விழுந்த மறுநாள் காலை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் இலை மொத்தமும் கொட்டிவிடும். காற்றில்லாவிட்டால் மரத்தைச் சுற்றி மஞ்சள் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அன்று வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் பரவாயில்லை.

அப்புறம் உங்கள் பின்வளவு. இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினதும் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கறிவேப்பிலைச் சாடி உள்ளே வரும், முருங்கை உள்ளே வரும், பாகல் கொடியில் மிஞ்சின பிஞ்செல்லாம் ஒரு பேசினில் வந்து சேரும், பச்சைத் தக்காளியை என்ன செய்வது என்று ஒரு விவாதம் நடக்கும். இதை ஏன் யாரும் படம் எடுப்பதில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை. இந்த நகரத்தில் குளிர் வருகிறது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? அம்மாவோ மாமியோ சட்டைக்கு மேலே சுவெட்டரைப் போட்டுக்கொண்டு அந்தச் சாடியைத் தூக்கி வரும்போது, நீங்கள் குசினிக்குள்ளே கதவுக்குப் பக்கமாகக் குனிந்து இருங்கள். கமரா சாடியின் உயரத்தில் இருக்கட்டும். பின்னால் காய்ந்த பந்தல் தெரிய வேண்டும். "சிரியுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், சாடியைக் கீழே வைத்துவிட்டுத் தலை சீவப் போய்விடுவார்கள்.

நிறத்துக்கு வருவோம். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்கிற, கமராவின் தானியங்கி வைட் பலன்ஸ் செய்கிற வேலை இது: காட்சி முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தால், வெளிச்சமே மஞ்சள் போலிருக்கிறது என்று நினைத்து நீலத்தைக் கூட்டிச் சமன்செய்யப் பார்க்கும். இலையின் சூடு போய்விடும். அதை டேலைட் அல்லது கிளவுடி என்று நிறுத்திவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி சிவப்பு. வெயிலில் நிற்கிற சிவப்பு மேப்பிளை எடுக்கும்போது மற்ற நிறங்களுக்கு முன்பாகச் சிவப்பு நிரம்பி வழிந்துவிடும், இலையின் நரம்பெல்லாம் அழிந்து வெறும் சிவப்புத் திட்டாகத் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, இரண்டு கோடு குறையுங்கள் (மைனஸ் மூன்றில் இரண்டு). மூடின வானம் என்றால் மனம் சோர வேண்டாம், இலைக்கு அதுதான் நல்ல வெளிச்சம். வெள்ளை வானம் மட்டும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள் இருந்ததுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால், இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு மரம் அதைப் புதிதாகச் செய்கிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால் ஒரு இலைமேல் இன்னொரு இலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தால், சுற்றிவர சிவந்து, மறைந்த இடம் மட்டும் மஞ்சளாக, மேலிருந்த இலையின் உருவம் அச்சாகப் பதிந்திருக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் வர எடுங்கள். உங்கள் 18-55 இதற்குத் தாராளமாகப் போதும், 55-இல் வைத்துக் கிட்டப் போங்கள்.

வெளிச்சம் என்றதும் ஒன்று. நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றுகிறோம் அல்லவா, அதற்கு முந்தின வாரம் ரொறன்ரோவில் சூரியன் உதிக்க எட்டு மணிக்குக் கிட்ட ஆகிவிடும். பிள்ளைகள் பையோடு பள்ளிக்கு நடக்கிற நேரமும் அதுதான். சாய்ந்த பொன் வெயில், நீண்ட நிழல், நடைபாதையில் இலை, ஓரத்தில் வரிசையாக இலை நிரப்பின மண்நிறக் கடதாசிப் பைகள். கோடையில் இந்த வெளிச்சம் வேண்டுமென்றால் ஆறு மணிக்கு எழும்ப வேண்டும்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போய் ஹைலண்ட் ஓடையைப் பாருங்கள். சினூக் சமன் மீன்கள் ஏரியிலிருந்து முட்டையிட மேலேறி வரும். இவை இந்த ஏரியின் பழைய குடிகள் அல்ல, 1960-களின் பிற்பகுதியிலிருந்து பேரேரிகளில் கொண்டுவந்து விடப்பட்ட பசிபிக் மீன்கள். முட்டையிட்டதும் இறந்துவிடும், மூக்கைப் பொத்த வேண்டியும் வரலாம். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம், முட்டை கிடக்கிற சரளைக் கல்லை மிதித்துவிடுவோம். மீனை எடுப்பதோடு, கரையில் வாய் பிளந்து நிற்கிற சின்னப் பிள்ளைகளின் பக்கமும் கமராவைத் திருப்புங்கள். உங்கள் பிள்ளைகளாக இருந்தால் நல்லது.

ஏனென்றால் ஆட்களை எடுக்கிற கேள்விக்கு இதுதான் பதில். ஒன்ராறியோவில் பொது இடத்தில் படம் எடுக்கப் பொதுவாகத் தடையில்லை. கியூபெக்கில் நிலைமை வேறு. மொன்றியலில் ஒரு கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியில்லாமல் ஒரு சஞ்சிகை வெளியிட்ட வழக்கில், 1998-இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. அது கியூபெக்கின் மனித உரிமைச் சாசனத்தின் கீழ் வந்த தீர்ப்பு. சட்டம் எப்படியும் இருக்கட்டும், ஊரார் பிள்ளையின் முகத்தைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுக்காதீர்கள். முதுகையும் பையையும் நிழலையும் எடுத்தாலே காலம் தெரிந்துவிடும். இலை கூட்டிக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அடுத்த நாள் படத்தை அவருக்கு அனுப்பினால் அதற்குப் பிறகு கேட்கவே வேண்டியிராது.

லென்ஸ் வேண்டாம். காசு செலவழித்தே தீருவேன் என்றால் லென்சின் முன்னால் மாட்டுகிற ஒரு பொலரைசர் கண்ணாடி வாங்குங்கள். மழை நின்ற பிறகு ஈர இலையின் மினுமினுப்பை நீக்கி உள்நிறத்தைக் காட்டும், ஓடைத் தண்ணீரின் பளபளப்பை வெட்டி மீனையும் காட்டும். மாட்டிவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்ப வேண்டும். வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்னும், கமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேனன் 18-55 பெரும்பாலானவற்றுக்கு 58 மில்லிமீற்றர் அளவு. லென்சின் முன்விளிம்பிலோ மூடியின் உட்பக்கத்திலோ எழுதியிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.