வகுப்பில் எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள்? ஆங்கில விளையாட்டுகள்: கேள்வி பதில்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கேட்டவை. ஆங்கிலப் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்.

இரண்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். விளையாட்டு என்றாலே வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறதே, மேடம்?

முதலில் ஒரு கணக்கு. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆளுக்கு 15 விநாடி கொடுத்தால் மொத்தம் ஒன்பதரை நிமிடம். அதில் ஒரு பிள்ளை ஆங்கிலம் பேசியது 15 விநாடி. மற்ற நேரமெல்லாம் வேடிக்கை. சந்தைக்கடை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஜோடிக்கு 6 படஅட்டை. ஒருவர் ஓர் அட்டையை எடுத்து மறைத்துக்கொள்ள, மற்றவர் "இஸ் இட் எ கேட்?" என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும், "நோ, இட் இஸ்ன்ட்" அல்லது "யெஸ், இட் இஸ்." கண்டுபிடித்ததும் முறை மாறும். ஐந்து நிமிடம் போதும்.

விதியை வாயால் விளக்காதீர்கள். ஒரு பிள்ளையை முன்னால் அழைத்து, முழு ஆட்டத்தையும் ஒருமுறை ஆடிக் காட்டுங்கள். நிறுத்தும் சைகையை ஆட்டத்துக்கு முன்பே பழக்கிவிட வேண்டும்: நீங்கள் மூன்று தட்டு, அவர்கள் இரண்டு தட்டு, உடனே கை கட்டல். ஆட்டம் சூடான பிறகு பழக்கப் பார்த்தால் நடக்காது. சத்தம் இருக்கத்தான் செய்யும். அது ஆங்கிலச் சத்தமா என்று மட்டும் காது கொடுங்கள்.

அட்டைக்குச் செலவழிக்க முடியவில்லை. எதில் செய்வது?

பழைய கல்யாணப் பத்திரிகையில். ஆனால் ஜோடி தேடும் ஞாபக விளையாட்டுக்கு அதை அப்படியே வெட்டாதீர்கள். ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் வேறு வேறு பூ, பிள்ளையார், மஞ்சள் எழுத்து இருக்கும். பிள்ளைகள் சொல்லை விட்டுவிட்டு முதுகைத்தான் மனப்பாடம் செய்வார்கள். முதுகு முழுக்க ஒரே நிறத் தாளை ஒட்டுங்கள். அளவு 6 செ.மீ.க்கு 8 செ.மீ.; நாலு பேருக்கு 8 ஜோடி, அதாவது 16 அட்டை. ஒரு ஜோடியில் ஒன்று படம், மற்றது சொல். இரண்டுமே படமாக இருந்தால் வாசிக்காமலே ஆடி முடித்துவிடுவார்கள்.

"சைமன் சேஸ்" ஆடுகிறோம் ("சைமன் சேஸ்" என்று தொடங்கும் கட்டளையை மட்டும் செய்யவேண்டும், தவறினால் 'அவுட்'). தடுமாறுகிற பிள்ளைகள் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுகிறார்கள்.

யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவர்களையே உட்கார வைக்கும் விதி அது. 'அவுட்' எடுத்துவிடுங்கள். எல்லோரும் 10 புள்ளியில் தொடங்கட்டும்; தவறினால் ஒரு விரலை மடக்கவேண்டும், அவ்வளவுதான். இன்னொரு கோளாறு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்வது. நடுவில் மூன்று கட்டளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னால் யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துவிடும். "டச் யுவர் நோஸ்" என்று சொல்லிக்கொண்டே உங்கள் கை மூக்குக்குப் போகக்கூடாது. காது வேலை செய்யாமல் கண்ணே எல்லாம் செய்துவிடும்.

சொல்லைக் கேட்டு உடலால் பதில் தருவதையே ஒரு கற்பித்தல் முறையாக அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்தெடுத்தார். பேசத் தயங்கும் முதல் வகுப்புக்கு அது பொருத்தம். மூன்றாம் வகுப்பிலும் ஆசிரியரே கட்டளை சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளைகள் சொல்லட்டும்.

காதோடு காதாகச் சொல்லை அனுப்பும் விளையாட்டு உச்சரிப்புக்கு உதவுமா?

உதவாது, கெடுக்கும். பன்றியைக் குறிக்கும் 'பிக்', பெரியதைக் குறிக்கும் 'பிக்' இரண்டையும் தமிழில் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறோம். வேறுபாடு தொண்டை அதிர்வில் இருக்கிறது. கிசுகிசுக்கும்போது தொண்டை அதிர்வதே இல்லை! கேட்கிற பிள்ளைக்கு எது வந்ததென்று எப்படித் தெரியும்? அந்த ஜோடிகளை உரக்கச் சொல்லி, கழுத்தில் கை வைத்துப் பார்க்கச் செய்யுங்கள்.

'ஃபேன்', 'பேன்' குழப்பத்துக்கு ஊமை ஆட்டம் நல்லது. நீங்கள் ஓசையில்லாமல் சொல்ல, அவர்கள் வாயைப் பார்த்துப் படத்தைத் தூக்கவேண்டும். மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் காற்றாடி. உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தால் வாணலி. (தலைப்பேன் என்று யாராவது சொறிந்து காட்டுவார்கள். சிரித்துவிட்டுத் தொடருங்கள்.)

கரும்பலகையில் சொல்லை ஓடிப்போய் அடிக்கும் ஆட்டத்தில் எல்லோரும் சரியாக அடிக்கிறார்கள். தேர்வில் வாசிக்க வரவில்லை.

நீங்கள் எழுதிய சொற்களின் முதல் எழுத்துகளைப் பாருங்கள். எல்லாம் வேறு வேறாக இருக்கும். முதல் எழுத்தைப் பார்த்தால் போதும், மீதியை வாசிக்கத் தேவையே இல்லை. 8 சொல்லில் 'கேட், கேப், கேன்' மாதிரி கடைசி எழுத்து மட்டும் மாறும் மூன்றையாவது சேருங்கள். வேகம் உடனே குறையும், அதுதான் வாசிப்பு. கையால் அடித்தால் விரல் மாட்டும், மடித்த செய்தித்தாள் கொடுங்கள். ஆடுகிறவர் தவறவிட்ட சொல்லை, வரிசையில் காத்திருப்பவர்கள் சிலேட்டில் எழுதட்டும்.

ஆசிரியர் சொல்லும் சொல்லைக் கட்டத்தில் அடித்துக்கொண்டே வந்து, முடித்ததும் 'பிங்கோ' என்று கத்தும் ஆட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள்.

பலகையில் 9 சொல் எழுதி 9 கட்டம் போடச் சொல்லியிருப்பீர்கள். அதே வரிசையில் பார்த்து எழுதியிருப்பார்கள். 14 சொல் கொடுத்து 9-ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரிசை முடிந்தாலே வெற்றி.

ஒரே அறையில் 1 முதல் 5 வரை எல்லா வகுப்பும். பொதுவாக ஏதாவது ஆடமுடியுமா?

பரமபதம். நூறு கட்டம் வேண்டாம், பாடவேளை முடிந்தும் முடியாது. தரையில் சாக்பீஸால் 30 கட்டம், 3 பாம்பு, 3 ஏணி. ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை ஐந்து. வெள்ளை எத்தனையோ அத்தனை கட்டம், "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணித்தான் நகர்த்தவேண்டும். பாம்பு கடித்தால் ஓர் அட்டை எடுத்துப் பதில் சொல்லித் தப்பிக்கலாம்.

2022-இல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறதே, அது இங்கே கைகொடுக்கும். அட்டையை மூன்று கட்டாக வையுங்கள்: அரும்புக்குப் படத்தின் பெயர், மொட்டுக்குச் சொல் வாசிப்பு, மலருக்கு ஒரு வாக்கியம். நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்பவர்களாக இருக்கட்டும், அவர்களுக்கு "வாட் இஸ் திஸ்?" போதாது, "வேர் டஸ் இட் லிவ்?" என்று போகவேண்டும்.

வென்றவருக்கு மிட்டாய்?

வேண்டாம். அடுத்த ஆட்டத்தை நடத்தும் உரிமையைக் கொடுங்கள்.

ஆட்டத்துக்கு நடுவில் சண்டை மட்டும் தமிழில்தான் வருகிறது. "என் சான்ஸ்டா!" என்று.

சண்டை போடும் ஆங்கிலத்தை நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லையே! "மை டர்ன்", "யுவர் டர்ன்", "நோ சீட்டிங்", "வெயிட்", "ஒன்ஸ் மோர், ப்ளீஸ்". இந்த ஐந்தையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, முதல் வாரம் ஆட்டத்துக்கு முன்பு உரக்கச் சொல்லவைக்கவும். தமிழில் கத்துகிறவரைத் திட்டவேண்டாம், சுவரைக் கை காட்டுங்கள்.