கொழுந்தனாரின் பங்கு இரட்டிப்பானது, நாங்களும் போடலாமா?

கேள்வி: எங்கள் பிடிஓ (முன்பதிவு செய்த வீவக) வீட்டுச் சாவி ஒன்றரை ஆண்டில் கைக்கு வரும். வீட்டுப் புதுப்பிப்புக்கு 40,000 வெள்ளி சேர்த்திருக்கிறோம். கொழுந்தனார் வாங்கிய அமெரிக்க இணையப் பங்கு எட்டே மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டது. இந்தப் பணத்தையும் அதில் போடலாமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த நிறுவனம் மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் பணத்துக்கு ஒரு தேதி இருக்கிறது; பங்குக்கு அது தெரியாது.

நம் ஊர் நிறுவனத்தையே பாருங்கள். இணைய விற்பனைத் தளமான ஷாப்பி, இணைய விளையாட்டு நிறுவனமான கரீனா ஆகியவற்றின் தாய் நிறுவனமான சீ, 2017 அக்டோபரில் 15 அமெரிக்க டாலர் விலையில் நியூயார்க் சந்தைக்கு வந்தது. 2021 அக்டோபரில் விலை 350 டாலரைத் தாண்டியது. சந்தை அதற்குப் போட்ட மதிப்பு சுமார் 200 பில்லியன் டாலர். அந்த ஆண்டு முழுவதற்குமான வருவாயோ 10 பில்லியன்தான், அதிலும் நட்டம். வட்டி விகிதம் ஏறத் தொடங்கியதும், என்றோ வரப்போகும் லாபத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க ஆளில்லை. 2022 நவம்பரில் 50 டாலருக்கும் கீழே போனது. 2023இல் நிறுவனம் முழு ஆண்டு லாபம் காட்டியது, விலையும் பிறகு ஏறியது. ஆனால் 2022இல் வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தவர் அதுவரை காத்திருக்க முடியாது.

கணக்கும் நமக்கு எதிராகவே வேலை செய்யும். 40,000 வெள்ளி 80 விழுக்காடு சரிந்தால் மிஞ்சுவது 8,000. அது பழைய நிலைக்கு வர ஐந்து மடங்காக வேண்டும்.

புதுப்பிப்புப் பணத்தை அரசாங்கம் வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வையுங்கள். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம். எந்த மாதம் வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம், போட்ட முதல் குறையாது. பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில் கணக்குக்கு வரும். குத்தகையாளருக்கு முன்பணம் கட்டும் தேதியைப் பார்த்து ஒரு மாதம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இணையப் பங்கு மீது ஆசை இருந்தால், ஐந்தாறு ஆண்டு தொடத் தேவைப்படாத வேறு பணத்தில் சிறு தொகையாகப் போடுங்கள்.

கேள்வி: பங்கு விலை 10 விழுக்காடு இறங்கினால் தானாக விற்கும்படி 'ஸ்டாப் லாஸ்' போட்டிருக்கிறேன். அப்படியானால் நட்டம் 10 விழுக்காட்டோடு நின்றுவிடும் அல்லவா?
– வாசகர், ஈசூன்

பதில்: நிற்காது. விலை நீங்கள் வைத்த எல்லையைத் தொட்டதும், கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லும் உத்தரவு அது. காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் சந்தை மூடியிருக்கும்போதே வெளிவரும். மறுநாள் சந்தை 30 விழுக்காடு கீழே திறந்தால், அந்த விலைக்குத்தான் விற்கும். 2022 மார்ச்சில் காலாண்டு முடிவு வந்த அன்று, வாடகைக் கார் செயலி நடத்தும் கிராப் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 'ஸ்டாப் லிமிட்' போட்டால் விலைக்கு வரம்பு உண்டு, ஆனால் விற்காமலே போய்விடலாம். நட்டத்தை உண்மையிலேயே கட்டுப்படுத்துவது நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதுதான். கடன் வாங்கி 'மார்ஜின்' கணக்கில் வாங்கியிருந்தால், இந்த வாரமே அதை அடைத்துவிடுங்கள். விலை சரியும்போது தரகு நிறுவனம் உங்களைக் கேட்காமலே விற்றுவிடலாம்.

கேள்வி: மத்திய சேமநிதி (மசேநிதி) பணத்தில் அமெரிக்கப் பங்கு வாங்க முடியுமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நேரடியாக முடியாது. மசேநிதியின் சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளியை ஒதுக்கிய பிறகே முதலீடு செய்யலாம். அதிலும் பங்குகளுக்கு 35 விழுக்காடு வரம்பு உண்டு. சாதாரணக் கணக்கு எந்த அபாயமும் இல்லாமல் 2.5 விழுக்காடு வட்டி தருவதையும் கணக்கில் கொள்ளுங்கள். ரொக்கத்தில் வாங்குவதானால் இரண்டு வரிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையில் 30 விழுக்காடு பிடித்தம் செய்வார்கள். அமெரிக்கர் அல்லாத ஒருவர் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு வைத்திருந்து இறந்தால், அங்கே மரபுரிமை வரியும் உண்டு. வாங்கிய பங்குகளின் விவரத்தைக் குடும்பத்தில் ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்து வையுங்கள்.